மதுரையில் இருந்துகொண்டு நடப்புச் செய்தி பேசுவது எப்படி: புதிதாக யூடியூப் சேனல் தொடங்குகிறவருக்கு

நடப்புச் செய்தியைப் பேசும் காணொளிக்கு ஆயுள் பெரும்பாலும் இரண்டு நாள்தான். மீன் குழம்பு வைப்பதைச் சொல்லிக் கொடுத்தவரின் காணொளியை ஐந்து ஆண்டு கழித்தும் யாராவது தேடி வந்து பார்ப்பார்கள்; நேற்றைய கட்டண உயர்வைப் பற்றி நாம் அடித்தொண்டையில் பேசியதை நாளை மறுநாள் நாமே திரும்பிப் பார்க்க மாட்டோம். ஆகவே இத்தொழிலில் பத்து ஆண்டு நிற்க விரும்புகிறவர் எத்தனை காணொளி போட்டோம் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எத்தனை கோப்புகளை வளர்த்து வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கோப்பு என்று நான் சொல்வது உருவகம் அன்று. தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு காகிதக் கடையில் டஜன் கணக்கில் வாங்கிய, நாடா கட்டிய அட்டைக் கோப்புகளையே சொல்கிறேன். என் அறையில் கேமராவைவிட விலை குறைந்ததும் கேமராவைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுத்ததும் அவைதாம்.

முதலில் நான்கு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்

சேனல் தொடங்குகிற எல்லோரும் முதல் வாரத்தில் டெல்லி அரசியலையும் உலகப் போரையும் பேசிப் பார்க்கிறார்கள். அவற்றைச் சென்னையிலும் டெல்லியிலும் பெரிய குழுக்களோடு அமர்ந்திருப்பவர்கள் நம்மைவிட வேகமாகப் பேசிவிடுவார்கள். மதுரையில் இருப்பவருக்குக் கிடைக்கும் வசதி வேறு: உயர்நீதிமன்றக் கிளை 2004 முதல் நம் ஊரில் இயங்குகிறது, தென் மாவட்டங்களின் பெரிய வழக்குகள் எல்லாம் அங்கேதான் வருகின்றன, நூறு வார்டுகளையும் ஐந்து மண்டலங்களையும் கொண்ட மாநகராட்சி இருக்கிறது, வைகையும் அதன் பாசனச் சண்டைகளும் இருக்கின்றன, 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட தோப்பூர் எய்ம்ஸ் இருக்கிறது, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் கீழடி இருக்கிறது. இவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு தொடங்குங்கள். அரசாணை, அரசிதழ் அறிவிப்பு, நீதிமன்ற உத்தரவு, சட்டமன்றக் கேள்வி பதில், நாளிதழ்த் துணுக்கு என எது கிடைத்தாலும் தேதி எழுதி உள்ளே போடுங்கள். பேச வேண்டிய நாள் என்றைக்கு வரும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. வரும்போது கோப்பு தயாராக இருக்க வேண்டும்.

அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்வோம். மேலூர் வட்டத்தில் இருக்கும் அந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது 2022 நவம்பரில். அன்று அது ஒரு சிறிய செய்தி. பாறையில் குடைந்த பாண்டியர் காலச் சிவன் கோயிலையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டையும் காட்டி ஆளுக்கொரு மூன்று நிமிடக் காணொளி போட்டார்கள், ஓய்ந்தது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவை ஒன்றிய அரசு வெளியிட்டபோது மேலூர் முழுவதும் கொந்தளித்தது. டிசம்பர் 9-ஆம் நாள் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரையை நோக்கி நடந்து வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் நாள் ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. இந்த இரண்டரை மாதத்தில் எந்தச் சேனல்கள் வளர்ந்தன என்று பார்த்தால், கூட்டத்தைக் காட்டியவை அல்ல. 2022 அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பாரம்பரியத் தலம் எது, ஏலப் பகுதி எது, இரண்டும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியவைதாம். முதல் அறிவிப்பு வந்த நாளிலேயே அதை அச்செடுத்து வைத்திருந்தவருக்கு அந்தக் காணொளியைத் தயாரிக்க ஒரு மணி நேரம் போதும். மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜல்லிக்கட்டும் அப்படித்தான். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் பொங்கல் நாள்களில் தொலைக்காட்சி நேரலைகளோடு போட்டி போடுவது வீண். அனுமதிச் சீட்டும் எளிதில் கிடைக்காது. 2014-இல் உச்சநீதிமன்றத் தடை, 2017-இல் மாநிலத் திருத்தச் சட்டம், 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது என்ற வரிசையைக் கோப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் முன்னதாகவே மாடு வளர்க்கிறவர் வீட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுங்கள். காளைக்கு மருத்துவச் சான்றும் இணையப் பதிவும் பெற அவர் படும் பாட்டை எந்த நேரலையும் காட்டுவதில்லை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நில்லுங்கள்

செய்தி எங்கே கிடைக்கும் என்று கேட்கும் புதியவர்களுக்கு நான் சொல்லும் ஒரே விடை இது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. உள்ளே நுழைய வேண்டிய தேவைகூட இல்லை, வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்களின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் மாவட்டத்தின் அந்த வார நிலவரம் தெரிந்துவிடும். ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி மனுவோடு வந்தால் அங்கே ஏதோ நடக்கிறது என்று பொருள்.

அப்படி நின்ற ஒரு நாள், மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பத்தா மஞ்சள் துணிப்பைக்குள்ளிருந்து பாலித்தீன் உறை ஒன்றை எடுத்தார். அதற்குள் நான்காக மடித்த மனு ரசீதுகள் மூன்று இருந்தன. மூன்றும் ஒரே பட்டா மாறுதலுக்கானவை. மடிப்புகளில் தாள் வெளுத்து, எழுத்து பாதி அழிந்திருந்தது. கைப்பேசியில் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். சர்வே எண் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "எடுங்க தம்பி, நம்பர் மட்டும் வேணாம்" என்றார். பிறகு, "நீங்க போட்டீகன்னா பட்டா வந்துருமா?" என்று கேட்டார்.

"நான் போட்டா வராது அப்பத்தா. அந்த ரசீதுல இருக்கிற மனு நம்பர் அழியாம பாத்துக்கங்க. மூணு வாரம் கழிச்சு நானே உங்களோட வந்து கேக்குறேன்."

காணொளி போட்டால் வேலை நடந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நாம் செய்யக்கூடியது மனு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு திரும்பவும் போய்க் கேட்பது. முதல் முறை போட்டால் அது ஒரு புலம்பல். மூன்று வாரம் கழித்து அதே ரசீதோடு அதே அலுவலகத்தில் கேட்டதைப் போட்டால் அது செய்தி. அவர் எண்ணை மறைத்ததிலும் ஒரு பாடம் உண்டு. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை அத்தாளின் உரியவர் சொல்ல வேண்டும். நாம் தீர்மானிக்கக் கூடாது.

அலுவலகத்தில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அவருக்கு முப்பது நாள் அவகாசம், பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. புதியவர்கள் செய்யும் தவறு, "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்பது. ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அச்சட்டத்தில் இடமில்லை. "இந்த வார்டில் இந்தத் தேதிக்குப் பிறகு வழங்கப்பட்ட பணி ஆணைகளின் நகல், அளவீட்டுப் புத்தகப் பக்கங்களின் நகல்" என்று, இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். ஏன் என்பது அந்த நகலிலேயே தெரிந்துவிடும்.

நீதிமன்றச் செய்தியில் வழுக்கும் இடம்

மதுரைக் கிளையின் வழக்குச் செய்திகளில் தலைப்புகளுக்கும் உண்மைக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. விசாரணையின்போது நீதிபதி ஒரு கேள்வி கேட்பார். ஐந்து நிமிடத்தில் அது "உயர்நீதிமன்றம் அதிரடி உத்தரவு" என்று கைப்பேசிகளில் ஓடும். வாய்மொழியாகக் கேட்டது வேறு, கையெழுத்திட்ட உத்தரவு வேறு. வழக்கு எண்ணைப் பிடியுங்கள், டபிள்யூ.பி. (ரிட் மனு) என்பதற்குப் பிறகு எம்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் அது மதுரைக் கிளையின் வழக்கு. நீதிமன்ற இணையதளத்தில் அந்த எண்ணை இட்டு உத்தரவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால், "விசாரணையில் நீதிபதிகள் இவ்வாறு கேட்டனர், உத்தரவு இன்னும் வெளியாகவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள். அந்த ஒரு வரியைச் சொல்வதால் பார்வைகள் குறையத்தான் செய்யும். ஆனால் உங்கள் காணொளியைப் பார்க்கும் வழக்கறிஞர்கள் அதன் பிறகு உங்களுக்கு நகல் அனுப்பத் தொடங்குவார்கள்.

நீதிமன்ற வளாகத்தில் கைப்பேசியை நீட்ட வேண்டாம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ளும் 2018 தீ விபத்துக்குப் பிறகு கைப்பேசிக்கு அனுமதி இல்லை. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரைப் படம் பிடிப்பது சட்டத்துக்கு முன்பே மரியாதைக்குப் புறம்பானது.

நான் தவறிய இரவு

ஒரு மழைக்கால இரவில், யானைக்கல் தரைப்பாலத்தை வெள்ளம் தொடும் காட்சி ஒன்று என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. அனுப்பியவர் நம்பகமானவர். இருபது நிமிடத்தில் குரல் கொடுத்து ஏற்றிவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் கமெண்டில் ஒருவர் கேட்டார்: "அண்ணே, அந்தக் கரையில இப்ப தடுப்புச் சுவர் இருக்கே, வீடியோவுல எங்கே?" காட்சி முந்தைய ஆண்டுகளில் எப்போதோ எடுத்தது. அதற்குள் ஆற்றங்கரைத் தெருவில் ஒரு குடும்பம் பரணில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்ததாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து வைகைக் கோப்பின் முதல் பக்கத்தில் நான்கு எண்கள் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி; நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் அந்த எச்சரிக்கை போகும். எந்த வெள்ளக் காட்சி வந்தாலும் முதலில் அன்றைய நீர்மட்டத்தைப் பார்க்கிறேன். 55 அடி இருக்கும்போது அணையிலிருந்து அப்படிப்பட்ட வெள்ளம் வர வழியில்லை, உள்ளூர் மழை என்றால் அதற்கு வேறு சாட்சி வேண்டும். அதன் பிறகு, காட்சியில் தெரியும் நிலையான பொருள்களை, அதாவது சுவர், மின்கம்பம், சுவரொட்டி ஆகியவற்றை, இன்றைய இடத்தோடு ஒப்பிடுகிறேன். பக்கத்தில் குடியிருக்கும் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசி, சன்னலைத் திறந்து பார்க்கச் சொல்வதைவிட நல்ல சரிபார்ப்பு இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

தவறு நேர்ந்தால் ஓசையில்லாமல் நீக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். யூடியூபில் ஏற்றிய காணொளியை அதே முகவரியில் வேறொன்றால் மாற்ற முடியாது. பிழையான பகுதியை வெட்டலாம் அல்லது முழுவதும் நீக்கலாம். ஆபத்தான பிழையென்றால் நீக்குங்கள். அடுத்த காணொளியின் முதல் நிமிடத்திலேயே எதைத் தவறாகச் சொன்னோம், சரியானது எது என்று சொல்லுங்கள். மன்னிப்பை நீட்டி அழ வேண்டியதில்லை.

பதிவு செய்யும் அறை

இதைப் பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். முதல் செலவு கேமராவுக்கு அன்று, சட்டையில் மாட்டும் மைக்குக்கு. கைப்பேசிக் கேமராவே போதும். நம் ஊர் உறங்காத ஊர் என்பதால் இரவு பதினொன்றுக்குப் பிறகும் ஆட்டோ ஹாரன் கேட்கும். கதவில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். சித்திரை மாதத்தில் எட்டு நிமிடம் பேசி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும்; மாற்றுச் சட்டை அதே நிறத்தில் ஒன்று வைத்திருங்கள். எட்டு நிமிடத்துக்கு என் வேகத்தில் ஏறத்தாழ எண்ணூறு சொற்கள். எட்டு நிமிடத்தைத் தாண்டினால் நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்பதற்காக ஐந்து நிமிட விஷயத்தை இழுப்பவர்களைப் பார்வையாளர் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார். எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று யூடியூப் காட்டும் வரைபடத்தில், முப்பதாவது வினாடியில் விழும் கோட்டைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

மாலை ஏழு மணிக்கு ஏற்றினால் சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை, துபாயில் மாலை ஐந்தரை. ஊர்ச் செய்தியை ஊருக்கு வெளியே இருப்பவர்கள்தாம் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம்.

காணொளியின் முகப்புப் படமான தம்ப்நெயிலில் சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் வாய் பிளந்த முகமும் வேண்டாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். போட்டால் ஆள் வரும் என்பதும் உண்மைதான். ஆனால் அப்படி வந்தவர் அடுத்த முறை இன்னும் பெரிய வட்டத்தை எதிர்பார்ப்பார். நான் தாளைக் காட்டுகிறேன்: அரசாணை எண், தேதி, அடிக்கோடிட்ட ஒரு வரி.

பதிப்புரிமையும் குற்றவியல் சட்டமும்

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, நடப்பு நிகழ்வுகளைத் தெரிவிக்கவும் விமர்சிக்கவும் பிறர் படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. எத்தனை வினாடி என்று அதில் எழுதப்படவில்லை. ஆனால் யூடியூபின் நடைமுறையில், தொண்ணூறு நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்டிரைக் (மீறலுக்கான எச்சரிக்கை) விழுந்தால் சேனல் போய்விடும். நியாயம் உங்கள் பக்கம் இருப்பதை நிறுவுவதற்குள் ஆண்டுக்கணக்கான உழைப்பு முடங்கிக் கிடக்கும். செய்தி நிறுவனக் காட்சிகளை எடுத்தாண்டதற்காகப் பெருந்தொகை கேட்கப்பட்டதைப் பல இந்தியப் பதிவர்கள் 2025-இல் வெளிப்படையாகப் பேசினார்கள். எனவே சொந்தக் காட்சி, சொந்த வரைபடம், அரசு ஆவணம் ஆகியவற்றிலேயே காணொளியைக் கட்டப் பழகுங்கள்.

அவதூறு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். உண்மையைத்தானே சொன்னேன் என்பது மட்டும் போதாது, அது பொதுநலனுக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும். ஆகவே ஒருவர் மீது குற்றச்சாட்டு வந்தால் அவரிடம் பதில் கேட்டு, கேட்ட நேரத்தையும் குறித்து வையுங்கள்.

இதைவிடக் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு குழந்தையின் பெயரோடு நிற்காமல் பள்ளி, குடும்பம், குடியிருக்கும் பகுதி வரை தடுக்கிறது. நகரத்தில் தெருப் பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில், "ஊரணிக்கு எதிர் வீடு" என்றால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். ஊர்ப் பெயரையே தவிர்த்து வட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். சாதி மோதல் செய்தியில் சாதிப் பெயரைத் தலைப்பில் வைத்தால் பார்வைகள் கொட்டும் என்பதை எல்லோரும் அறிவோம். அந்தக் கமெண்டுகளுக்கு அடியில் அடுத்த மோதல் தயாராவதையும் நான் பார்த்திருக்கிறேன். வழக்கில் அது முக்கியமான செய்தியாக இருந்தாலொழிய வைக்காதீர்கள். இருந்தாலும் தலைப்பில் வைக்காதீர்கள்.

பணம்

ஐந்நூறு சந்தாதாரர், தொண்ணூறு நாளில் மூன்று காணொளி, ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வை இருந்தால் பார்வையாளர் நேரடியாகத் தரும் சிறு தொகைகளுக்கு வழி திறக்கும். விளம்பர வருவாய்க்கு ஆயிரம் சந்தாதாரரும் 4,000 மணி நேரமும், அல்லது தொண்ணூறு நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வையும் வேண்டும். நீண்ட காணொளி விளம்பரத்தில் 55 விழுக்காடு நமக்கு. ஷார்ட்ஸில் நமக்கென ஒதுக்கும் தொகையில் 45. நூறு டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். கொலை, போர், கலவரம் என்று பேசினால் காணொளிக்குப் பக்கத்தில் யூடியூப் காட்டும் பச்சை டாலர் குறி மஞ்சளாகி விளம்பரம் குறையும் என்பதால், நடப்புச் செய்திக்காரரின் வருமானம் மாதத்துக்கு மாதம் ஆடும். ஓராண்டுச் செலவைக் கையில் வைத்திருக்காமல் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். வருமான வரிக்கு ஆரம்பத்திலேயே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

சந்தாதாரர் எண்ணிக்கை கூடியதும் வேறொரு பணம் தேடி வரும். தேர்தல் நெருங்கும்போது கட்சிக்காரர் ஒருவர் கல்யாண மண்டபத்தில் தோளில் கை போட்டு, "தம்பி, மாசாமாசம் ஒரு தொகை, நம்ம அண்ணனைப் பத்தி ரெண்டு வீடியோ" என்பார். மறுத்தால் பகை, வாங்கினால் அடிமை என்று பயப்பட வேண்டியதில்லை. "அண்ணே, பேட்டி வேணும்னா வாங்க, கேள்வியை நான் கேப்பேன்" என்றால் பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் வாங்கலாம். அது பணம் பெற்ற விளம்பரம் என்பதைக் காணொளியிலேயே சொல்லி, யூடியூபில் அதற்கான கட்டத்தையும் குறியிடுங்கள். அதே கடை செய்தியில் வந்தால் அதையும் பேசுவேன் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். விளம்பரம் தருவதாக மின்னஞ்சலில் வரும் இணைப்புக் கோப்புகளைத் திறக்காதீர்கள்; சேனல்கள் களவு போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

மார்கழியில் செய்யும் வேலை

ஆண்டுக் கடைசியில் கோப்புகள் அனைத்தையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் கடைசியாகப் போட்ட தாள் என்ன தேதி என்று பாருங்கள். ஆறு மாதமாகத் தாள் சேராத கோப்பை எடுத்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பிறகு, "என்ன ஆயிற்று?" என்று ஒரே ஒரு காணொளி, அந்த ஆண்டு பேசிய எல்லாவற்றுக்கும் சேர்த்து. என் சேனலில் ஆண்டுதோறும் அதிக நாள் ஓடுவது அதுதான். போன மார்கழியில் அதற்காக அப்பத்தாவின் கோப்பை எடுத்தபோது ரசீதுகளின் எண்ணிக்கை ஐந்தாகியிருந்தது. ஐந்தாவதன் பின்புறம் கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தோடு, நில அளவைக்கு வரும் தேதி எழுதப்பட்டிருந்தது. அந்தத் தேதியில் அளக்க யாரும் வரவில்லை. ஆறாவது மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.